முதியோர் பராமரிப்பு இல்லம் எங்கே அமைய வேண்டும்? கடலூர் சிப்காட் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

படுத்த படுக்கையாக உள்ள தாயையோ தந்தையையோ எந்த இல்லத்தில் சேர்க்கலாம் என்று கேட்டு வருவோரில் பலர், "பக்கத்திலேயே இருந்தால் போதும், டாக்டர்" என்கின்றனர். ஷிஃப்ட் முடிந்து திரும்பும் வழியில் பார்த்துவிட்டுச் செல்லலாம் என்ற எண்ணம் நியாயமானதே. ஆயினும் கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டியுள்ள சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்வோர் மற்றொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அவசரத்தின்போது அந்த முதியவரை எத்தனை நிமிடங்களில் வெளியேற்ற முடியும்?

இங்கு இரசாயனம், சாயம், மருந்துப் பொருள் தயாரிக்கும் ஆலைகள் உள்ளன. வாயுக் கசிவு ஏற்பட்டால் நடக்கக்கூடியவர் விலகிச் சென்றுவிடுவார். படுக்கையில் இருப்பவரைத் தூக்க இருவராவது வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குச் சிறிதளவு எரிச்சலூட்டும் வாயுவே மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். வயது கூடும்போது மோப்ப உணர்வும் மங்குவதால், வாடையை அவர் தாமதமாகவே உணர்வார். ஆகவே தாமாக எழுந்து நடக்க இயலாதோர் இரவு பகலாகத் தங்கும் இல்லம் ஆலைகளின் அருகில் அமைவது பொருத்தமன்று என்பது என் கருத்து. தூரத்தை மட்டும் அளந்தால் போதாது. கடற்காற்று வீசும் பிற்பகலில் ஆபத்து ஒரு பக்கம் என்றால், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வேறு பக்கம்.

அதற்காகக் கிராமத்தில் எதுவுமே வேண்டாம் என்பதல்ல. பகல்நேரப் பராமரிப்பு மையம், இயன்முறை சிகிச்சை, ரத்த அழுத்தப் பரிசோதனை ஆகியவை வீட்டுக்கு அருகில்தான் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, நோய்த்தணிப்புச் சிகிச்சை ஆகியவை வீட்டிலேயே கிடைக்கின்றன. இல்லத்தில் சேர்க்கும் முன் இதனைப் பயன்படுத்திப் பாருங்கள். பல குடும்பங்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

தங்கும் இல்லம்தான் தேவை என்றால், மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் இதில் அடங்கும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ 108 ஊர்தி தடையின்றிச் செல்லும் சாலை இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது நல்லது.

மழையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம் ஆகிய மூன்றையும் இம்மாவட்டம் கண்டது. தானே புயலுக்குப் பின் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பியிருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஜெனரேட்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரத்திற்கு டீசல் இருப்பு வைத்துள்ளனர், மாற்று சிலிண்டர் உண்டா என்று கேளுங்கள். முதல் மாடிக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருப்பதும் அவசியம். மின்சாரம் நின்றால் லிஃப்ட் உதவாது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், ஆதரவற்ற 150 முதியோர் தங்கும் வகையில், எளிதில் அணுகக்கூடிய இடத்தில் அமைப்பது பற்றிக் கூறுகிறது. பேருந்து நிறுத்தம் அருகில் இருப்பது மட்டுமே அணுகுதல் ஆகாது. ஸ்ட்ரெச்சரோடு வெளியேற வழி இருப்பதும் அணுகுதலே.

பெரும் விபத்து அபாயமுள்ள ஆலைகளுக்கு வெளியே, மக்களுக்கான அவசரகாலத் திட்டத்தை 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் தயாரிக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் இல்லம் அதில் இடம்பெற்றுள்ளதா, ஒத்திகை நடந்துள்ளதா என்று இல்லப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அவ்விடத்தைத் தவிர்க்கவும்.

முதியவரை வீட்டிலேயே வைத்திருப்போர், அவர் பெயர், நோய், நடக்க இயலாமை ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கவும். கசிவு அறிவிக்கப்பட்டு, வெளியேற்ற முடியாத நிலையில், கதவு சன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து, ஏசியையும் வெளியேற்று விசிறியையும் நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்கவும். இல்லங்கள் பற்றிய தகவலுக்கும் புகாருக்கும் முதியோர் உதவி எண் 14567, அழைப்புக்குக் கட்டணமில்லை.