கடலை மிட்டாய் காத்திருக்கும்!

"ஏம்மா, ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாச்சே! துளிக் கடலை மிட்டாயை வாயிலே போட்டா என்ன, குடியா முழுகிடும்?"

கோவில்பட்டியில் ஓர் உறவினர் வீட்டில் என் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் மாமியார்.

"டாக்டர் கூடாதுன்னுட்டார், அத்தே" என்றாள் மருமகள் மெல்லிய குரலில்.

மாமியாரின் அன்பில் குற்றமில்லை. 2020-ல் புவிசார் குறியீடே பெற்ற பண்டமாயிற்றே! ஆனால் மருமகள் சொன்னதுதான் சரி.

சாப்பிட்டது எதுக்களித்து, நெஞ்சு எரிந்து, இரவெல்லாம் தலையணையை உயர்த்தி வைத்து அவதிப்பட்டவள் அவள். பெரும்பாலோருக்கு இது மருந்திலேயே அடங்கிவிடும். சிலருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்படும். இரைப்பையின் மேற்பகுதியை இழுத்து, உணவுக் குழாயின் அடிப்பாகத்தைச் சுற்றி, கழுத்தில் துண்டு போடுவது போலப் போர்த்தித் தைத்து விடுகிறார்கள். இரைப்பையில் உள்ளது மேலே ஏறாமல் அந்தத் 'துண்டு' தடுக்கிறது.

இதைக் கண்டவர் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மானிய டாக்டர். ஹிட்லரின் ஆட்சி வந்ததும் 1933-ல் நாட்டை விட்டு வெளியேறியவர். 1948-ல் நியூயார்க்கில் விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தவரும் இவரே! பின்னர் ஸ்விட்ஸர்லாந்தில் இருந்தபோது, 1956-ல் இந்த முறையை வெளியிட்டார். 1991 முதல் சிறு துளைகள் வழியாகவே இதைச் செய்கிறார்கள். வயிற்றில் வாயுவைச் செலுத்திச் செய்வதால் இரண்டொரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வெளிக்காயம் சிறிதாக இருப்பதால்தான் வீட்டார் ஏமாந்து போகிறார்கள். உள்ளே தையல் போட்ட இடம் வீங்கியிருக்கும். உணவு இறங்கும் வழி குறுகியிருக்கும். முதலில் நீர் ஆகாரம். பிறகு சில வாரங்கள் குழைந்த ஆகாரம். கரிசல் பூமியில் இதற்கா பஞ்சம்? கம்மங்கூழை மோர் விட்டு நீர்க்கக் கரைத்து, கட்டியில்லாமல் கொடுக்கலாம். குழைய வடித்த சோற்றை ரசத்தில் மசித்துத் தரலாம். பரோட்டா, சப்பாத்தி, ரொட்டி, முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் டாக்டர் உத்தரவு தரும் வரை அலமாரியிலேயே இருக்கட்டும். ஒரே வேளையில் வயிறு நிறைய வேண்டாம்; ஐந்தாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும்.

இன்னொரு சங்கடம், ஏப்பம் எளிதில் வராது! வயிறு உப்பும். ஆகவே சோடா, கலர் கூடவே கூடாது. பேசிக்கொண்டே அவசரமாக விழுங்குவதும் காற்றை உள்ளே தள்ளும். சாப்பிட்டதும் படுக்காமல் மெல்ல நடப்பது நல்லது. உடம்பு சற்று இளைப்பதும் சகஜம்.

சகோதரிகளே, முக்கியமாக ஒன்று: குடம்! 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல். முதல் சில வாரங்கள் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கினால் உள்தையல் விட்டுப் போகலாம். ஓயாத வாந்தியும் குமட்டலும் அப்படியே. உடனே டாக்டரிடம் சொல்லி அடக்க வேண்டும். காய்ச்சல், மூச்சுத் திணறல், கடும் நெஞ்சுவலி, கறுத்த மலம், தண்ணீர்கூட இறங்காமை ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பழக்க தோஷம்! மருமகள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"கீழே வையி தாயி!" என்று அதட்டினார் மாமியார். "உன் உடம்பு தேறட்டும். அதுவரை தண்ணி நான் எடுத்தாறேன். மிட்டாய் எங்கேயும் ஓடிப்போகாது!"