வெட்டலும் ஒட்டலும்

சிற்பி வேண்டாத கல்லை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கின்றான். புலவன் வேண்டாத சொல்லை நீக்கிச் செய்யுளைச் செம்மை செய்கின்றான். திரைப்படக் கலையிலும் இத்தகைய பணி ஒன்று உண்டு. அதனைப் படத்தொகுப்பு என்பர்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் பழைய முகப்பு வளைவு ஒன்று நிற்கின்றது. அது மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையத்தின் நினைவுச் சின்னமாகும். திருச்செங்கோட்டிற் பிறந்து, இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்ற டி. ஆர். சுந்தரம் 1930களில் அந்நிலையத்தை நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கு உருவாயின.

திரைப்படம் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதன்று. அரண்மனைக் காட்சிகள், கதையின் தொடக்கத்தில் வரினும் இறுதியில் வரினும், அவ்வரங்கு நிற்கும் நாட்களிலேயே எடுத்து முடிக்கப்பெறும். ஒரே நிகழ்ச்சியைத் தொலைவிலிருந்தும் அண்மையிலிருந்தும் பன்முறை எடுப்பதும் உண்டு. பேசும் படச்சுருளில் நொடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடும். ஓர் அடிச் சுருளில் அடங்குவன 16 படங்களே. எனவே ஒரு நிமிடத்திற்கு 90 அடியும், இரண்டரை மணி நேரப் படத்திற்கு 13,500 அடியும் வேண்டும். எடுக்கப்படும் சுருளோ இதனினும் பன்மடங்கு நீளும். அக்குவியலினின்று வேண்டுவன தேர்ந்து, வெட்டி, ஒட்டி, முறைப்படுத்துபவரே தொகுப்பாளர்.

இதில் இயக்குநரின் பங்கு யாது? அது தொகுப்பறையில் தொடங்குவதன்று. படம் பிடிக்கும்போதே தொடங்கிவிடுகின்றது. 1940-இல் சுந்தரம் இயக்கிய ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரு வேடம் ஏற்றார். இரட்டை வேடக் காட்சியில் ஒருவர் முகத்தைக் காட்டி, உடனே மற்றவர் முகத்தைக் காட்டுவது ஒரு முறை. முன்னவர் வலப்பக்கம் நோக்கினால் பின்னவர் இடப்பக்கம் நோக்குதல் வேண்டும். அப்போதுதான் இருவர் எதிரெதிர் நின்று பேசுவதாக நாம் நம்புவோம். படம் பிடிக்கும் நாளில் இயக்குநர் இதனை மறந்துவிடின், எத்துணைத் திறமை வாய்ந்த தொகுப்பாளரும் அக்குறையை நிறைவு செய்தல் அரிது. ஆகவே நல்ல இயக்குநர் ஒவ்வொரு காட்சியையும் அதன் முன்னும் பின்னும் வருவனவற்றோடு சேர்த்தே எண்ணிப் படமாக்குவார்.

எனினும் இயக்குநர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு காட்சிக்காகப் பட்ட பாட்டையும் செலவிட்ட பொருளையும் அவர் அறிவார்; அதனால் அதனை நீக்க அவர் மனம் இசையாது. தொகுப்பாளரோ சுருளில் உள்ளதை மட்டுமே காண்பவர். மிகைபடக் கூறல், குன்றக் கூறல் என நம் இலக்கண நூலார் விலக்கிய குற்றங்கள் படத்திற்கும் பொருந்தும். அவற்றைச் சுட்டுதல் தொகுப்பாளர் கடன். கேட்டுத் துணிதல் இயக்குநர் கடன். பாவும் ஊடையும் கூடினாலன்றி ஆடை ஆகாது என்பதைச் சேலத்து நெசவாளர் நன்கு அறிவர். அவ்வாறே இவ்விருவர் அறிவும் கூடினாலன்றிப் படம் சிறவாது.

இன்று கத்தரியும் பசையும் மறைந்தன, கணிப்பொறியே தொகுப்பறையாயிற்று. வெட்டியதை நொடியில் மீண்டும் சேர்த்துவிடலாம். ஆயினும் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை ஆராய்ந்து துணிபவன் மனிதனே.

மாணவர்களே! நீங்கள் கட்டுரை எழுதி முடித்தபின் அதனை மீண்டும் ஒருமுறை படியுங்கள். மிக விரும்பி எழுதிய தொடராயினும், பொருளுக்கு உதவாததாயின் அடித்துவிடத் தயங்காதீர்கள். எழுதும் ஆற்றலினும் நீக்கும் துணிவு அரியது.