பிரட்டுக்களத்திலிருந்து பிரதேச சபைக்கு

"தோட்டத்துல கேட்டா சபைக்குப் போங்கிறாங்க சாமி. சபையில கேட்டா தோட்டத்துக்குப் போங்கிறாங்க. நாங்க எங்கதான் போறது?"

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில், 2023 ஆம் ஆண்டின் கடைசியில், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கொழுந்தெடுக்கும் தாயொருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் அடைபட்டு, மழை நாட்களில் அழுக்கு நீர் குசினிக்குள் வருகிறது. பக்கத்திலேயே குப்பைமேடு. பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். இதைச் சீர்செய்ய வேண்டியவர் யார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. குருமடத்தில் சமூகப் போதனைகளை எல்லாம் படித்துத் தேறிய எனக்கும் அன்று சரியான பதில் சொல்லத் தெரியவில்லை.

பின்னர் தேடிப் படித்தபோது, அந்தத் தாயின் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது புரிந்தது. கிராமச் சங்கங்கள் இருந்த காலத்தில் தோட்டம் கிராமமாகக் கருதப்படவில்லை. அது துரையின் தனிச் சொத்து. 1930களின் இறுதியில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளருக்குக் கிராமச் சங்கத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையையே மறுத்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அதற்கும் மேலே போனது. தண்ணீர், பாதை, பிள்ளைக்காம்பரா, மருந்து என எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் கையில் என்ற பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவை சபையின் பொறுப்பு. குப்பை அகற்றுதல், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம் எல்லாம் இதற்குள் அடங்கும். இச்சபைகளுக்கான முதலாவது தேர்தல் 1991 இல் நடந்தது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால் எமது மக்களில் எஞ்சியிருந்தோரும் பிரசைகளாகி வாக்களித்தனர். தோட்டத்துப் பிள்ளைகள் சபை உறுப்பினர்களானார்கள், தவிசாளர்களும் ஆனார்கள். ஆனால் தன்னைத் தெரிவு செய்த மக்கள் வாழும் லயத்துக்குச் சபைப் பணத்தில் ஒரு கான் வெட்டிக் கொடுக்க அந்தத் தவிசாளரால் முடியாது! சட்டத்தின் 33 ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது. வாக்கு வேண்டும், வேலை கிடையாது என்ற இந்த நிலை முப்பது வருடம் நீடித்தது.

2018 இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செலவிடலாம் என்றாயிற்று. அதே ஆண்டு பெப்ரவரித் தேர்தலுக்கு முன்னர், தலா ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டிருந்த அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச சபைப் பிரிவுகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் தோன்றின. அலுவலகம் கொஞ்சம் கிட்ட வந்தது. எனினும் காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. ஆகவே நிர்வாகத்தின் உடன்பாடு இல்லாமல் ஒரு மண்வெட்டியைக்கூட இறக்குவது கஷ்டம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் மக்களிடம் சொல்லலாம் என்று போனால், சபையே இல்லாத காலம் அது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். அவர்களில் நல்லவர்கள் உண்டு. ஆனால் லயத்து மனிதர் போய் "எங்க வட்டாரத்துக்கு என்ன செஞ்சீங்க?" என்று உரிமையோடு கேட்க ஒரு முகம் இருக்கவில்லை. 2025 மே 6 ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது.

அந்த இடைக்காலம் முழுவதும் வீணாகவில்லை. பிரட்டுக்களத்தில் மாலை ஐந்தரை மணிக்குக் கூடினோம். நேரம் மிக முக்கியம். சபை அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் பெண்கள் மலையில் நிற்கிறார்கள். ஒரு கடிதம் கொடுக்கப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு வேறு. மக்கள் வருவதில்லை, அக்கறையில்லை என்று அலுவலர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பேர் போகும் கதையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

முதல் மூன்று கூட்டங்களும் சண்டையில் முடிந்தன. மேல் லயத்துக்காரர் பாதை என்றார்கள், கீழ் லயத்துக்காரர் கான் என்றார்கள், இளைஞர்கள் மைதானம் என்றார்கள். நான்காம் கூட்டத்தில் ஒரு பிள்ளை தரையில் சுண்ணாம்பால் லயங்களையும் கானையும் பீலியையும் வரைந்தது. அழுக்கு நீர் எந்த வழியாக வந்து பீலித் தண்ணீரில் கலக்கிறது என்பதை எல்லோரும் அப்போதுதான் ஒன்றாகப் பார்த்தார்கள். மேல் லயத்துக்காரரும் அந்தப் பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். கான் முதலாவது என்று முடிவாயிற்று.

அடுத்து, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினோம். இந்த டிவிஷனுக்கென அவ்வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சற்றுப் பிந்தியென்றாலும் பதில் வந்தது. ஒதுக்கீடு எதுவுமில்லை. அந்த ஒரு வரிக் கடிதம், நான் செய்த எத்தனையோ கருத்தரங்குகளைவிட மக்களை அசைத்தது.

புதிய சபை வந்ததும் வட்டார உறுப்பினரைப் பிரட்டுக்களத்துக்கே அழைத்தார்கள். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது என்பதை எடுத்துச் சொன்னோம். அவருக்கும் அது புதிது. அடுத்த வருடத்துப் பாதீடு ஆண்டு முடிவதற்குள் சபைக்கு வந்துவிடும் என்பதால், ஆவணியிலேயே கோரிக்கை கையளிக்கப்பட்டது. தோட்ட முகாமையாளரின் சம்மதக் கடிதத்துக்கு மட்டும் ஏழு தடவை நடக்க வேண்டியிருந்தது.

இங்கே எமது பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களாகத் திருச்சபை அமைப்புகளாகிய நாமே தோட்டங்களில் தண்ணீர்த் தாங்கியும் மலசலகூடமும் கட்டிக் கொடுத்தோம். திறப்பு விழாவில் படமும் எடுத்தோம். இதே டிவிஷனில் நாம் கட்டிய தாங்கியொன்று வெடித்துக் கிடக்கிறது. திருத்தச் சொன்னால், "அது பாதர்மார் கட்டினது" என்கிறது தோட்டம். சபையின் பதிவேட்டில் அது இல்லவே இல்லை. கட்டும்போது சபையையும் ஒரு பங்காளியாகச் சேர்த்து, பராமரிப்பை எழுத்தில் வாங்கியிருந்தால் இந்தக் கதி வந்திராது.

2026 ஆம் ஆண்டுப் பாதீட்டில் கான் இடம்பெற்றது. முந்நூறு அடிக்குக் கேட்டோம், நூற்றிருபது அடிக்குக் கிடைத்தது. எந்த முனையில் தொடங்குவது என்று மீண்டும் பிரட்டுக்களத்தில் கூடினார்கள். தலைவர் வீட்டுப் பக்கமிருந்து தொடங்கலாம் என்று ஒருவர் சொன்னார். அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தாய் எழுந்து, பீலிக்கு மேலேயுள்ள நூற்றிருபது அடியைக் கையால் காட்டினார். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு தலைவரே நூலைப் பிடித்து அளக்கத் தொடங்கினார்.