காட்டுப்பூனை கடித்ததைக் கம்பி குத்தியது என்று சொல்லாதீர்கள்



இப்போதெல்லாம் பெரட்டுக்களத்தில் சிறுத்தைப் பேச்சு இல்லாத வாரமே இல்லை. லயத்து நாயைத் தூக்கிட்டுப் போயிருச்சு, தேயிலை மரத்துக்கு அடியில் குட்டி போட்டிருக்கு, கொழுந்து எடுக்கப் போன பொம்பளையைப் பாய்ந்து கீறிருச்சு என்று ஏதாவது ஒன்று காதில் விழுகிறது. எல்லாரும் அதன் பல்லையும் நகத்தையும் பற்றித்தான் பேசுகிறோம். அந்தப் பல்லோடும் நகத்தோடும் நம் உடம்புக்குள்ளே வருகிற கிருமியைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் டிவிஷனில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவரே "எழுதுங்க ஐயா, மத்தவங்களாவது தெரிஞ்சுக்கட்டும்" என்று சொன்னதால்தான் எழுதுகிறேன். மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறுகிறது என்று ஆற்றோரமாகக் கம்பிக் கண்ணி வைத்திருந்தார். விடிய போய்ப் பார்த்தால் பன்றி இல்லை, மீன்பிடிப் பூனை மாட்டியிருக்கிறது. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். நம் ஆட்கள் காட்டுப்பூனை என்றே சொல்வது. பாவமாகத்தான் இருந்திருக்கிறது, அவிழ்த்து விடப் போனார். அது வலது கையில், சுட்டுவிரல் மூட்டுக்குப் பக்கத்தில் ஒரே கடி. இரண்டு சின்ன ஓட்டைதான். இரத்தமும் அதிகம் இல்லை. கோப்பித்தூளை அமுக்கி, பழைய சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அன்றைக்கு வேலைக்கும் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கை பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. சிவப்பு முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. காய்ச்சல், நடுக்கம். அப்போதும் டிஸ்பென்சரிக்கு வரவில்லை. ஏன்? கண்ணி வைப்பது குற்றம், அந்த மிருகமோ சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. கேஸ் வருமோ என்ற பயம். மூன்றாம் நாள் வலி தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர், "வேலியில் கம்பி குத்திருச்சு" என்று சொன்னார். டொக்டரும் கம்பிக் காயத்துக்கு உள்ள வைத்தியத்தைத்தான் செய்தார். அவர் வேறென்ன செய்வார்? வார்ட்டுக்குப் பார்க்கப் போன மனைவி அழுதுகொண்டே உண்மையைச் சொன்ன பிறகுதான் மருந்தை மாற்றினார்கள், விசர்நாய்க்கடி ஊசியும் போட்டார்கள். மூட்டைத் திறந்து சீழ் எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த விரல் இன்றைக்கும் மடங்குவதில்லை. கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாது.

இரண்டு சின்ன ஓட்டை எப்படி இவ்வளவு செய்தது என்று பலரும் கேட்டார்கள். பூனைச் சாதியின் பல் ஊசி மாதிரி மெல்லியது, நீளமானது. ஊசி போடுவது போல அது கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். மேல் தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே காற்றும் இல்லை, கழுவவும் வழியில்லை. கையில் எலும்பு மூட்டும் நரம்பும் தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கையில் கடிபட்டால் ஆபத்து அதிகம். வீட்டுப் பூனை கடித்த காயங்களிலேயே 10க்கு 3 முதல் 5 வரை சீழ் பிடிக்கிறது.

இதில் முக்கியமான கிருமி பாஸ்டுரெல்லா என்ற பக்டீரியா. லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1880ஆம் ஆண்டளவில் கோழிக் கொள்ளைநோயில் ஆராய்ந்த கிருமி இது, அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 10 வீட்டுப் பூனைகளை எடுத்தால் 7க்கு மேல் வாயில் இது இருக்கும். பூனைக்கு ஒன்றும் செய்யாது. சிங்கம், புலி, சிறுத்தை கடித்த காயங்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். இதன் அடையாளம் வேகம். சாதாரணப் புண் பழுக்க இரண்டு மூன்று நாளாகும். இது ஒரே நாளுக்குள் வீங்கி, சிவந்து, தொடமுடியாமல் வலிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலுமாரியில் மிச்சம் கிடக்கிற பழைய மாத்திரையைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கிற குளொக்ஸசிலின், எரித்ரோமைசின் எல்லாம் இந்தக் கிருமியிடம் சரியாகப் பலிக்காது. கடித்தது என்ன என்று தெரிந்தால்தான் டொக்டர் பொருத்தமான மருந்தை எடுப்பார்.

கீறலிலும் கிருமி உண்டு. பார்ட்டனெல்லா என்று ஒன்று, பூனைகளுக்குள் தெள்ளுப்பூச்சியால் பரவுவது, காட்டில் உள்ள பூனைச் சாதியிடமும் இருக்கிறது. கீறல் ஆறின பிறகு, ஒன்றிரண்டு வாரம் கழித்து அக்குளில் நெறி கட்டும், இலேசாகக் காய்ச்சல் அடிக்கும். அப்போது பழைய கீறலைப் பற்றியும் சொல்லுங்கள், நாமாகச் சொன்னால்தான் தெரியும்.

ஏற்பு நோய்க் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடப்பது, எந்த ஆழமான காயத்துக்குள்ளும் போகும். அதற்கும் ஊசி உண்டு.

விசர்நாய் நோய் வேறு. அது பக்டீரியா இல்லை, வைரஸ். ஆனால் வருவது அதே கடியில்தான். நம் நாட்டில் நாயிடம் மட்டுமல்ல, கீரி, நரி, மரநாயிடமும் அது காணப்பட்டிருக்கிறது. பக்டீரியாவுக்குப் பிந்தினால் விரல் போகலாம், கை போகலாம். இதற்குப் பிந்தி நோய்க்குறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்தே கிடையாது. ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். எங்கள் ஆள் சொன்ன அந்தக் கம்பிக் கதையால் அவர் இழந்திருக்கக்கூடியது விரல் மட்டுமல்ல என்பது இப்போது விளங்கும். டொக்டர் கேட்பது வைத்தியம் செய்ய, வழக்குப் போட அல்ல.

கடிபட்டால், கீறுபட்டால் அந்த இடத்திலேயே முதல் வேலை கழுவுவது. பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம், ஒரு பானை சோறு கொதித்து வருகிற நேரம். கோப்பித்தூள், தேயிலைத்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மண்ணெண்ணெய் ஒன்றும் வைக்க வேண்டாம். அவை ஓட்டையை அடைத்துக் கிருமியை உள்ளே பூட்டி வைக்கும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம், சுத்தமான துணியால் மெதுவாக மூடினால் போதும். இரத்தம் பீறிட்டால் மட்டும் அழுத்திப் பிடியுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. லொறி வரும், துரை வாகனம் தருவார் என்று காத்திருக்காமல் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. சீனி வருத்தக்காரரும் தினமும் குடிக்கிறவர்களும் ஒரு மணித்தியாலம்கூடப் பிந்தக் கூடாது, இவர்களுக்கு நாய் வாயில் உள்ள சில கிருமிகள்கூட இரத்தத்தில் கலந்து உயிரையே எடுத்துவிடும்.

கடிக்காமலே வருவதும் ஒன்று உண்டு. எலிக்காய்ச்சல். பெயரைக் கேட்டு எலி மட்டும்தான் என்று நினைக்கிறோம். எலியைத் தின்கிற மிருகத்துக்கும் அது தொற்றும். கீரி, நரி, நாய் என்று பலவற்றின் சிறுநீரிலும் கிருமி வெளியே வரும். 1872இல் யமேக்கா தீவின் கரும்புத் தோட்டத்து முதலாளி ஒருவர், எலியை ஒழிப்பதற்காக இந்தியாவிலிருந்து 9 கீரிகளைக் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் கீரி பரவியது. எலி ஒழியவில்லை. பிற்காலத்தில் சோதித்தபோது அந்தப் பக்கத்துத் தீவுகளில் கீரியே எலிக்காய்ச்சல் கிருமியைச் சுமந்து திரிந்தது. தோட்டத் துரைமாரின் யோசனை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரித்தான்!

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு எலிக்காய்ச்சல் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து, ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். கான் வெட்டுகிறவர்கள், சேற்றில் மரக்கறி போடுகிறவர்கள், ஓடையில் மாணிக்கக் கல் தேடுகிறவர்கள் கவனம். காலில் வெடிப்போ அட்டைக் கடியோ இருந்தால் கிருமிக்கு அதுவே வாசல். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் பனடோல் போட்டுப் படுக்க வேண்டாம். "நான் கான் வேலை செய்தேன்" என்று சொல்லுங்கள். வேலைக்கு முன்பே எடுக்கிற டொக்சிசைக்ளின் மாத்திரை பற்றி பீ.எச்.ஐ. ஐயாவிடம் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது சரிவராது.

கடைசியாக, செத்த மிருகம். கண்ணியில் சிறுத்தை சாவது புதிதல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மாட்டிய கருஞ்சிறுத்தையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள், அதைக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. இப்படிச் செத்ததன் நகம், பல், கொழுப்பு என்று ஆளுக்கொன்று எடுக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில் கிராண்ட் கன்யன் என்ற இடத்தில், செத்துக் கிடந்த பூமாவை அறுத்துப் பார்த்த வனவிலங்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் சில நாளில் பிளேக் நோயால் இறந்துபோனார். படித்தவர், அனுபவசாலி. பூமாவைக் கொன்றதே அந்த நோய்தான். நம் நாட்டில் இப்போது பிளேக் இல்லை, என்றாலும் மிருகம் எதனால் செத்தது என்பது பார்த்தால் தெரியாது. கையில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலே மற்றக் கிருமிகளுக்குப் போதும். அப்படி எதையும் கண்டால் தொடாமல் தோட்ட ஆபீசுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வனஜீவராசிகள் இலாகாவுக்கு அறிவிப்பார்கள். ஆட்கள் வரும்வரை பிள்ளைகளையும் நாய்களையும் கிட்டே விட வேண்டாம்.