பிரித்தானிய இல்லங்களின் வெப்பமூட்டு எரிபொருள்கள்: செலவும் பயனும்

ஆய்வுச் சுருக்கம்
வீட்டைச் சூடேற்றும் எரிபொருள்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் விற்பனை விலையையே நோக்குகின்றனர். அறைக்குள் வந்துசேரும் வெப்பத்தின் விலையே உண்மையான செலவாகும். அச்செலவைத் தீர்மானிப்பதில் எரிபொருளுக்கு உள்ள பங்கு, கருவிக்கும் விலைக் கொள்கைக்கும் உண்டு என்பதைப் பிரித்தானியச் சூழலைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெப்பமூட்டல், இயற்கை எரிவாயு, வெப்ப எக்கி, விறகு, விலைக் கொள்கை

முன்னுரை
குளிர்நாடுகளில் வெப்பமூட்டல் உயிர்காக்கும் தேவையாகும். பிரித்தானிய இல்லங்கள் நெடுங்காலம் நிலக்கரியையே நம்பியிருந்தன. 1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைப்பனி ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. வட கடலில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டபின், 1967 முதல் 1977 வரை வீட்டுக் கருவிகள் அதற்கேற்ப மாற்றப்பட்டன. இன்றும் பெரும்பான்மையான இல்லங்கள் எரிவாயுக் கொதிகலன்களையே பயன்படுத்துகின்றன.

ஒப்பீட்டின் அடிப்படை
எண்ணெய் லிட்டர் கணக்கிலும், மின்சாரம் யூனிட் கணக்கிலும், விறகு எடை அல்லது கனஅளவுக் கணக்கிலும் விற்கப்படுகின்றன. இவற்றை ஒப்பிட ஒரு பொது அளவு தேவை. ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, அத்தகைய அளவாகும். எரிபொருளில் அடங்கிய ஆற்றலின் யூனிட் விலையைக் கருவியின் திறனால் வகுத்தால், பயன்தரு வெப்பத்தின் விலை கிடைக்கும்.

எரிவாயுவும் மின்சாரமும்
அண்மை ஆண்டுகளில் பிரித்தானியாவில் மின்சாரத்தின் யூனிட் விலை, எரிவாயுவின் விலையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காக உள்ளது. எரிவாயுவின் விலையை 1 எனக் கொள்வோம். 90 விழுக்காட்டுத் திறனுடைய கொதிகலனில் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை 1.11 ஆகும். சாதாரண மின்சூடேற்றியில் அது 4 ஆகும். வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொணரும் வெப்ப எக்கி, ஒரு யூனிட் மின்சாரத்தைக்கொண்டு மூன்று யூனிட் வெப்பம் தருமாயின், விலை 1.33 ஆகும். அவ்விகிதம் 3.6ஐக் கடந்தால் மட்டுமே அது எரிவாயுவைவிடச் சிக்கனமாகும். நன்கு காப்பிடப்பட்ட வீடும், குறைந்த வெப்பநிலை நீரைக்கொண்டே அறையைச் சூடாக்கவல்ல பெரிய சூடேற்றிகளும் அதற்குத் துணைபுரிகின்றன.

கரியமில வாயுவை நோக்கின் நிலை மாறுகிறது. எரிவாயு வழியாகப் பெறும் ஒரு யூனிட் வெப்பத்திற்கு ஏறத்தாழ 0.2 கிலோ வாயு வெளியாகிறது. வெப்ப எக்கியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே சூழலுக்கு நன்மை செய்யும் குடும்பம் சற்றுக் கூடுதலாகச் செலவிட நேர்கிறது. சூழல் திட்டங்களுக்கான கட்டணங்கள் எரிவாயுவைவிட மின்சாரத்தின்மீதே மிகுதியாகச் சுமத்தப்பட்டு வந்தமை இம்முரணுக்கு ஒரு காரணமாகும்.

விறகு
புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீரே. அந்நீரை ஆவியாக்குவதிலும் வெப்பம் செலவாவதால், ஒரு கிலோ ஈரவிறகு ஏறத்தாழ 2 யூனிட் ஆற்றலும், நன்கு உலர்ந்த விறகு 4 யூனிட் ஆற்றலும் தருகின்றன. திறந்த கணப்பில் அதன் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். மூடிய அடுப்பில் நான்கில் மூன்று பங்கு வரை அறைக்குக் கிடைக்கும். எனினும் இரண்டிலும் நுண்துகள்கள் வெளியேறுகின்றன. அவற்றால் விளையும் நோயின் செலவு விறகின் விலையில் சேர்வதில்லை. அண்டை வீட்டாரும் அதைச் சுமக்கின்றனர். இதன் பொருட்டே 2021 மே முதல் இங்கிலாந்தில் ஈரவிறகைச் சிறு அளவில் விற்பது கட்டுப்படுத்தப்பட்டது.

செலவைச் சுமப்போர்
வாடகை வீடுகளில் கருவியைத் தேர்பவர் உரிமையாளர். கட்டணம் செலுத்துபவர் பெரும்பாலும் குடியிருப்பவர். விலை குறைந்த மின்சூடேற்றியைப் பொருத்துவதால் உரிமையாளருக்கு முதலீடு மிச்சமாகிறது. குடியிருப்பவரோ அதே வெப்பத்திற்கு, கொதிகலன் உள்ள வீட்டாரைப் போல் 3.6 மடங்கு செலுத்துகிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபர் முதல் வெப்ப எக்கிக்கு வழங்கப்படும் 7,500 பவுண்டு மானியமும் வீட்டின் உரிமையாளருக்கே உரியது.

முடிவுரை
எரிபொருள்களின் தரவரிசை நிலையானதன்று. கருவியின் திறன், வீட்டின் காப்பு, வரியமைப்பு ஆகியவை மாறும்போது அதுவும் மாறும். எனவே எந்த எரிபொருள் மலிவானது என்னும் வினாவுடன், அம்மலிவுக்கான விலையை யார் செலுத்துகிறார் என்னும் வினாவும் இணைத்து ஆராயப்படுதல் வேண்டும்.