மூட்டைப்பூச்சி தொல்லை: கட்டிலில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? மருந்து அடித்தும் ஏன் போகமாட்டேன் என்கிறது?

காலையில் எழுந்தால் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. கொசுவாக இருக்கும் என்று விட்டுவிடுவோம். கொசுவத்தி வைத்த பிறகும் மறுநாள் அதே அரிப்பு என்றால், சந்தேகப்பட வேண்டியது ஜன்னலை அல்ல, மெத்தையை.

டிடிடி மருந்து வந்த பிறகு பல நாடுகளில் மூட்டைப்பூச்சி ஏறக்குறைய ஒழிந்தே போனது. ஆனால் மருந்துகளைத் தாங்கும் சக்தியோடு திரும்பி வந்துவிட்டது. 2023-ல் பாரிஸையே இந்தப் பூச்சி கலங்கடித்தது நினைவிருக்கலாம். நமக்கு அது புதுசு இல்லை. மேன்ஷன், ஹாஸ்டல், பழைய சோபா என்று எப்போதும் கூடவே இருப்பதுதான்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீடு அசுத்தமாக இருப்பதால் மூட்டைப்பூச்சி வருவதில்லை. பயணப் பையில், செகண்ட் ஹேண்ட் கட்டிலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வெட்கப்பட்டு மறைத்தால் பக்கத்து வீட்டுக்கும் பரவும், அவ்வளவுதான்.

எப்படி கண்டுபிடிப்பது?

கடித்த தடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரே கட்டிலில் படுக்கும் கணவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மனைவிக்கு ஒன்றுமே இல்லை என்று இருக்கும். அவரையும் கடித்திருக்கும், தோல் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவே. சிலருக்குத் தடிப்பு வரவே சில நாள் ஆகும்.

அதனால் படுக்கையைப் பாருங்கள். பெட்ஷீட்டில் பேனா மை வைத்தது போல கருப்புப் புள்ளிகள், சின்ன ரத்தக்கறை, உரித்துப் போட்ட பழுப்புத் தோல் - இவைதான் அடையாளம். வளர்ந்த பூச்சி சுமார் 5 மி.மீ., ஆப்பிள் விதை அளவு இருக்கும். முட்டை 1 மி.மீ. தான், வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சிக்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. கட்டிலைச் சுற்றியே இருக்கும். ராத்திரி செல்போன் டார்ச்சை அடித்து மெத்தையின் தையல் ஓரம், கட்டில் சட்டம் சேரும் மூட்டு, ஆணி ஓட்டை, சுவர் விரிசல் எல்லாம் பாருங்கள். இடுக்கில் பழைய ஏடிஎம் கார்டை விட்டு இழுத்தால் ஒளிந்திருப்பது வெளியே வரும்.

மருந்து அடித்தும் ஏன் திரும்ப வருகிறது?

கடையில் வாங்கும் ஸ்பிரே பெரும்பாலும் நேரில் படும் பூச்சியைத்தான் கொல்கிறது. முட்டை தப்பித்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது பொரிந்து மறுபடி கடி ஆரம்பிக்கும். 'மருந்து போலி' என்று கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் இரண்டாவது ரவுண்டு அடிக்காததுதான் தப்பு. இன்னொரு தப்பு, பயந்துபோய் ஹாலில் படுப்பது. பூச்சி பல மாதம் பட்டினி தாங்கும். தலையணை, போர்வையோடு அதுவும் ஹாலுக்கு வந்துவிடும்.

வெப்பம்தான் இதற்கு எமன். பெட்ஷீட், தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் கவரில் கட்டியே எடுத்துப் போய், 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் துவையுங்கள். மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டால் மட்டும் போதாது. மேலே சுடும்போது பூச்சி நிழலான அடிப்பக்கத்துக்கு ஓடிவிடும். தையல் ஓரங்களில் நீராவி பிடிப்பது நல்லது. மரக்கட்டிலைக் கழற்றி, மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, கால்களை சோப்புத் தண்ணீர் கிண்ணத்தில் வையுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான். 10 முதல் 14 நாள் கழித்து மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ விபத்தில் முடியலாம். அதைவிட ஆபத்து, தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. அதிலிருந்து வரும் விஷவாயு, மூடிய அறையில் தூங்குபவரைக் கொன்றுவிடும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய 2 குழந்தைகள் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. மூட்டைப்பூச்சி கடியால் நோய் பரவுவதாக நிரூபிக்கப்படவில்லை. அரிப்பும் தூக்கக் கெடுதியும்தான் பெரிய தொல்லை. அதற்காக இந்த ரிஸ்க் எடுக்கவே கூடாது.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களை அழைத்தால் என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்கணும், இரண்டாவது முறை எப்போது வருவீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்து அடித்த அறையில் அன்று ராத்திரியே படுக்கலாம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால், மருந்தின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். கடித்த இடத்தைச் சொறிந்து சீழ் பிடித்தாலோ, உடம்பெல்லாம் வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை லாட்ஜில் ரூம் எடுக்கும்போது பையைக் கட்டில் மேல் போடாமல் பாத்ரூம் தரையில் வைத்துவிட்டு, முதலில் மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்.