முப்பது லட்சம் இமெயில்... உட்கார்ந்து படித்தது யார் தெரியுமா?

அமெரிக்காவில் ஒரு கம்பெனி மீது வழக்கு வந்துவிட்டால், அதன் பழைய இமெயில்களைத் தோண்டியெடுத்து எதிர்த்தரப்பிடம் கொடுத்தாக வேண்டும். இந்த நடைமுறைக்குப் பாதை போட்டது வேலை பறிபோன ஒரு பெண்ணின் வழக்கு என்று தெரியுமா?

அவர் பெயர் லாரா ஜூபுலேக். யுபிஎஸ் வங்கியின் அமெரிக்கப் பிரிவில் பங்கு விற்பனை பார்த்தவர். பெண் என்பதால் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று புகார் கொடுத்தார். 2001 அக்டோபரில் வேலை போயிற்று. வழக்கில் வங்கி கொடுத்த இமெயில்கள் சுமார் 100 பக்கம். லாராவின் கையிலேயே சுமார் 450 பக்கம் இருந்தது! மிச்சமெல்லாம் எங்கே? பேக்கப் டேப்களில்! நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் செய்ததுதான் அபாரம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, முதலில் ஐந்தே ஐந்து டேப்களைத் திறந்து பார்க்க வைத்தார். வழக்குக்குத் தொடர்புடைய 600 இமெயில்கள் வந்து கொட்டின! மற்ற டேப்களையும் மீட்க வேண்டும், அதற்கான செலவில் முக்கால் பங்கு வங்கியுடையது, கால் பங்கு லாராவுடையது என்று 2003-ல் உத்தரவு. 2005-ல் ஜூரி கொடுக்கச் சொன்ன தொகை 2 கோடியே 90 லட்சம் டாலருக்கும் மேல்! மறு ஆண்டு, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் விதிகளிலேயே மின்னணு ஆவணங்களுக்கென்று திருத்தம் வந்தது.

சரி, இமெயில்கள் கைக்கு வந்தாயிற்று. அத்தனையையும் படிப்பது யார்?

நியூயார்க்கில் இன்னொரு வேலை வழக்கு. பப்ளிசிஸ் என்ற மாபெரும் விளம்பர நிறுவனக் குழுமத்தின் மீது ஐந்து பெண்கள் தொடுத்தது. சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாரபட்சம் என்பது புகார். சலித்தெடுக்க வேண்டியவை சுமார் 30 லட்சம் இமெயில்கள்! ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்துக்கொண்டாலும், ஒரே ஆள் தினம் எட்டு மணி நேரம், லீவே எடுக்காமல் படித்தால் 17 வருடம் ஆகும்! 2012 பிப்ரவரியில் நீதிபதி ஆண்ட்ரூ பெக், கம்ப்யூட்டரை வைத்தே சலிக்கலாம் என்றார். அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இப்படி ஒப்புதல் கொடுத்தது அதுவே முதல் தடவை.

எப்படி நடக்கிறது தெரியுமா? குருட்டாம்போக்கில் எடுத்த 2,399 ஆவணங்களை வக்கீல்கள் படித்து, 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று குறித்தார்கள். அந்தக் குறிப்புகளைப் பார்த்து மற்றவற்றைத் தரம் பிரிப்பது சாஃப்ட்வேரின் வேலை. அது பிரித்ததில் சிலவற்றை எடுத்து வக்கீல்கள் திருத்துவார்கள். சாஃப்ட்வேர் மறுபடி கற்றுக்கொள்ளும். இப்படி ஏழு சுற்றுக்குத் திட்டம்! முக்கியமான கடிதம் ஒன்று தப்பிவிட்டால் எப்படித் தெரியவரும் என்று பெண்கள் தரப்பு கவலைப்பட்டது. நியாயமான கவலை. அதனால்தான் இந்த வேலையை அவ்வப்போது மனிதக் கண் சோதித்தே ஆக வேண்டும்.

புகார்களின் எண்ணிக்கையும் ஏறியது. வேலையிடப் பாரபட்சப் புகார்களை வாங்கும் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு 2023 நிதியாண்டில் வந்தவை 81,055. அடுத்த ஆண்டு 88,531! 'நீங்கள் வழக்குப் போடலாம்' என்று ஆணையம் கடிதம் கொடுத்தால், கையில் கிடைத்ததிலிருந்து 90 நாள்தான் கெடு. ஒரு நாள் பிந்தினாலும் பெரும்பாலும் வழக்கு போச்சு! ஒரே வக்கீல் ஆபீஸில் நூற்றுக்கணக்கான கட்சிக்காரர்கள், ஆளுக்கொரு கெடு. கடிதத் தேதியைத் தட்டிவிட்டால் நாளை எண்ணி, குமாஸ்தாவுக்கும் வக்கீலுக்கும் முன்கூட்டியே மணியடிக்கிறது சாஃப்ட்வேர். பார்வைக்குச் சின்ன வசதி. எத்தனையோ பேரின் பிழைப்பு அதில் தொங்குகிறது.

நாளை மட்டுமல்ல, நிமிடத்தை எண்ணியும் வழக்கை ஜெயிக்கலாம். சட்டை மாட்டும் நேரத்துக்கும் கூலி உண்டு, தெரியுமா? அயோவா மாநிலம் ஸ்டார்ம் லேக்கில் டைசன் ஃபுட்ஸின் பன்றி இறைச்சி ஆலை. கத்தி பிடிக்கும் வேலை, ஆகவே பாதுகாப்பு உடை கட்டாயம். அதை மாட்டவும் கழற்றவும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கம்பெனி குறித்து வைக்கவே இல்லை! தொழிலாளர் தரப்பு நிபுணர் வீடியோவில் 744 முறை பதிவு செய்து அலசினார். இறைச்சி வெட்டும் பிரிவில் சராசரியாக நாளுக்கு 18 நிமிடம். பன்றியைக் கொல்லும் பிரிவில் இருபத்தொன்றேகால் நிமிடம்! இந்த நிமிடங்களை இன்னொரு நிபுணர் ஒவ்வொருவரின் வருகைக் கணக்கோடும் சேர்த்தார். யாருக்கு எந்த வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டியது, ஓவர்டைம் எவ்வளவு பாக்கி என்று புலப்பட்டுவிட்டது. 3,300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஜூரி கொடுக்கச் சொன்னது சுமார் 29 லட்சம் டாலர். 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது!

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. கோர்ட்டுக்குப் போகக் கூடாது, கூட்டாகச் சேரக் கூடாது, பிரச்சினை என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியே நடுவரிடம்தான் போக வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம் என 2018-ல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிலாளர் கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை! இணையப் படிவமும் தகவல் தொகுப்பும் கையில் இருந்ததால், ஆயிரக்கணக்கானோரின் விண்ணப்பங்களை வக்கீல்கள் தனித்தனியாகவே தயாரித்து, மொத்தமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதே ஆண்டு ஊபர் ஓட்டுநர்கள் சார்பில் 12,501 விண்ணப்பங்கள்! ஒவ்வொன்றுக்கும் கம்பெனி கட்ட வேண்டிய தொடக்கக் கட்டணம் 1,500 டாலர்! உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் டோர்டேஷ் ஊழியர்கள் 5,000-க்கும் மேற்பட்டோர் வந்தபோது, கட்டணம் மட்டும் 90 லட்சம் டாலரைத் தாண்டியது. கம்பெனி பின்வாங்கப் பார்த்தது. நீங்களே எழுதிய ஒப்பந்தம்தானே, நடுவரிடம் போங்கள் என்று 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டார் நீதிபதி வில்லியம் ஆல்சப்!

கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2023-ல் நியூயார்க்கில், ஒரு விமானப் பயணியின் வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிய தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்துவிட்டார்கள் வக்கீல்கள். அபராதம் 5,000 டாலர்!

இப்போது ஒர்க்டே நிறுவனத்தின் ஆள்தேர்வு சாஃப்ட்வேர் மீதே வழக்கு நடக்கிறது. 40 வயதைத் தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் அது ஒதுக்குகிறது என்பது குற்றச்சாட்டு, நிறுவனம் மறுக்கிறது. வழக்குக்கான காலத்தில் தன் சாஃப்ட்வேர் வழியாக நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை என்று நிறுவனமே நீதிமன்றத்தில் சொன்னது தெரியுமா? 110 கோடி! பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்கு நடத்த 2025 மே மாதம் கலிபோர்னியாவில் முதற்கட்ட அனுமதி கிடைத்திருக்கிறது.